மெத்தை வீட்டுப் பலகைக்குக் கறுப்புச் சாயம்

நான் கோபக்காரன். குருநகரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இன்னாசித்தம்பிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று. ஆனால் கொழும்புத்துறையில் மாடி கட்டிய அந்த மெத்தை வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு சைக்கிளோடு உள்ளே போன அன்று, கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டுதான் போனேன். மேல்மாடிப் பலகைத் தளத்துக்குச் சாயம் பூசிப் பொலிஷ் போட வேண்டும் என்று நான் மரவேலை செய்யும் மரக்காலையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அந்த வேலைக்காகப் போகவில்லை.

என் தம்பி கனிசியஸ் உயிரோடு இருக்கிறானா என்று அறியப் போனேன்.

எண்பத்தைந்தில் அவனுக்கும் அந்த வீட்டுப் பெண் அருந்ததிக்கும் விருப்பம். அவர்கள் வயலும் கோயிலும் உள்ள சைவ ஆட்கள். நாங்கள் கடலில் இறங்கும் வேதக்காரர். எங்கே ஒட்டும்? ஒருநாள் இரண்டு பேரையும் காணவில்லை. வள்ளமேறி அக்கரைக்கு, இந்தியாவுக்கு ஓடிவிட்டார்கள் என்று ஊர் கதைத்தது. விசாரிக்கப் போன என்னை அருந்ததியின் தமையன் செல்வநாயகம் படலைக்கு வெளியிலேயே நிறுத்தினார். "ரெண்டும் ஓடிப்போட்டுதுகள். எங்களுக்கு அவள் செத்துப்போனாள்" என்று உள்ளே நின்றபடி சொல்லிவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்.

ஏழு வருடமாக ஒரு கடிதம் இல்லை. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் என்று அம்மா செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினா. அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் விடாமல், மெழுகுதிரி கிடைக்காத தடைக் காலத்திலும் எங்கோ துண்டு தேடிக் கொளுத்தினா. நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அவன் இடது கைச் சுண்டுவிரலில் பாதியை நங்கூரக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டு, "நாலரை" என்ற பட்டப் பெயரோடு சிரித்துக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்டவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

நான் வேலைக்கென்று உள்ளே போனது தொண்ணூற்றிரண்டு மாசியில். செல்வநாயகம் என்னை அடையாளம் காணவில்லை. அன்றும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, இன்றும் பார்க்கவில்லை. பெயரையும் கேட்கவில்லை. வேலைக்கு வருகிறவனுக்குப் பெயர் இருக்கும் என்ற எண்ணமே இல்லாத வீடு அது. பின்பக்கத்தால் சுற்றி வரச் சொன்னார், வந்தேன்.

மேலே நீளமான ஒரே அறை. கையகல முதிரைப் பலகை, ஒல்லாந்தன் காலத்து உழைப்பு, ஒரு பலகை நெளியவில்லை. அதைக் கண்டதும் என் கோபம்கூட ஒரு கணம் அடங்கிவிட்டது. ஆனால் யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தும் அறையில் வற்றுக் கடல் சேற்று மணம் அடித்தது. கடல் வீட்டுக்குப் பின்னால் இருநூறு கஜம் தள்ளி இருந்தது.

நான் கொண்டுபோன மாதிரித் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். தேன் நிறம், பனங்கட்டி நிறம், பழம்புளி நிறம், கடைசியில் கருங்காலிக் கறுப்பு.

"கறுப்பு" என்றார் செல்வநாயகம், குனிந்துகூடப் பார்க்காமல்.

"ஐயா, நல்ல முதிரைக்குக் கறுப்படிக்கிறதும் தங்கத்துக்குத் தார் பூசுறதும் ஒண்டுதான்."

"உன்னட்டை ஆர் கேட்டது?"

அவருக்குப் பின்னால் அவருடைய கடைசித் தங்கை ஞானாம்பிகை நின்றாள். இருபத்துநாலு வயதிருக்கும். அவளுக்குத்தான் அந்த வீடு சீதனம், பங்குனியில் கலியாணம். "பெரியண்ணை, பனங்கட்டி நிறம் வடிவா இருக்கும்" என்று மெல்லச் சொன்னாள். "கறுப்படிச்சால் பகலிலையும் விளக்குக் கொளுத்த வேணும். மண்ணெண்ணெய்க்கு எங்கை போறது?"

திரும்பிய வேகத்தில் அவள் கன்னத்தில் ஒன்று விட்டார். காதுத் தோடு கழன்று தரையில் ஓடியது.

அதே நேரம் அறையின் மறு கோடியில், யாருமே இல்லாத இடத்தில், உள்ளங்கையால் பலகையில் ஓங்கி அடித்த சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. நான் வைத்த கருங்காலித் துண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"மரநாய் ஓடுது" என்றார் செல்வநாயகம். அவருடைய மேலுதடு வேர்த்திருந்தது. "உந்தக் கறுப்பு நிண்டுபிடிக்குமோ? கீழை இருக்கிற கறை ஒண்டும் தெரியாதோ?"

"என்ன கறை ஐயா?"

"பழைய வீடு. ஆயிரம் கறை இருக்கும். தெரியுமோ தெரியாதோ, அதைச் சொல்லு."

கறை தெரியாது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்க்கிற மனிதன் என்று மனதுக்குள் திட்டினேன். எந்தப் பூசணிக்காய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தடைக் காலத்தில் ஸ்பிரிட்டும் இல்லை, அரக்கும் இல்லை, மரம் தேய்க்கும் உப்புத்தாளும் இல்லை. வள்ளம் கட்டுகிறவர்களிடம் வேறு வழி இருந்தது. துருப்பிடித்த ஆணிகளைக் புளித்த கள்ளு வினாகிரியில் ஒரு கிழமை ஊறப்போட்டால் இரும்புத் தண்ணீர் தயார்; என்னிடம் எப்போதும் ஒரு வாளி ஊறிக்கொண்டிருக்கும். முதலில் கடும் தேயிலைச் சாயம் காய்ச்சிப் பலகைக்குப் பூச வேண்டும். அது வெறும் மண்ணிறம்தான் கொடுக்கும். காய்ந்த பிறகு இரும்புத் தண்ணீரைத் தடவினால் கண் முன்னாலேயே கறுத்துவிடும். வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கை கறுக்கிறதே, அதே சங்கதி. பிறகு இலுப்பெண்ணெயில் தேன்மெழுகு உருக்கித் தேய்த்தால் மினுங்கும்.

பழைய மெருகைச் சுரண்ட இரண்டு நாள் பிடித்தது. உடைந்த கண்ணாடித் துண்டுதான் ஆயுதம். முதல் நாள் பின்னேரம், அறையின் நடுவில் முழங்காலில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தவன் முதுகு நிமிர்த்தச் சற்று நிறுத்தினேன்.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

பலகைக்குக் கீழேயிருந்து வந்தது. நகத்தால் சுரண்டுகிற சத்தம். நான் ஒரு முழம் தள்ளிப் போனேன். அதுவும் ஒரு முழம் தள்ளி வந்தது. எழுந்து யன்னலடிக்குப் போனேன். அங்கேயும் வந்தது. "மாதாவே" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிய நான் அடுத்த நாள் ஏன் திரும்பப் போனேன் என்று கேட்கிறீர்களா? நான் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

அடுத்த நாள் செல்வநாயகம் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஞானாம்பிகை மேலே வந்தாள். கன்னத்தில் விரல் அடையாளம் ஆறவில்லை.

"தங்கச்சி, அக்காவிட்டை இருந்து எப்பவாவது கடிதம் வந்ததோ?"

அவள் திடுக்கிட்டாள். "அக்காவை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கனிசியஸ் என்ரை தம்பி."

சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அண்டைக்கு நான் நல்லூருக்கு ரியூசனுக்குப் போயிருந்தனான். வந்து பார்க்க, பெரியண்ணை இந்தப் பலகையைச் சவுக்காரம் போட்டு உரஞ்சிக்கொண்டு நிண்டவர். அக்கா வள்ளமேறிப் போட்டாள் எண்டார். ஆனா அக்காவின்ரை செருப்பு வாசலிலை கிடந்தது. அவளிட்டை இருந்தது அந்த ஒரு சோடிதான். செருப்பில்லாமல் ஆர் இந்தியாவுக்குப் போவினம்?"

ஓடுகிற அவசரத்தில் செருப்பு யாருக்கு நினைவு வரும் என்று அவளுக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கே சொல்லிக்கொண்டேன். இல்லை, அவன் இராமேசுவரத்தில் எங்காவது வலை பின்னிக்கொண்டு இருப்பான், இரண்டு பிள்ளை இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று இரவு முழுக்க நித்திரை இல்லை.

மூன்றாம் நாள் காலை தேயிலைச் சாயம் காய்ச்சினேன். வாளியில் மேலே கொண்டுபோய்ப் பழந்துணியால் சுவரோரத்திலிருந்து பூசிக்கொண்டு வந்தேன். இரும்புத் தண்ணீர் வாளி படியடியில் மூடிக்கிடந்தது. அதை நான் தொடவில்லை. இதை ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால், தேயிலை தனியாக ஒருபோதும் கறுக்காது. முப்பது வருடத் தொழிலில் நான் கண்டதில்லை.

உச்சி நேரம். வெளியே ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று சுற்றிவிட்டுப் போனது. அறையின் நடுப் பலகையில் துணியை இழுத்தேன்.

அது கறுத்தது.

ஒரு சிறு புள்ளியாகத் தொடங்கியது. புள்ளி தட்டாய்ப் பெருத்தது, தட்டு பாயளவு பெருத்தது. எங்கள் வீட்டில் மீன் வெட்டுகிற பலகையில் அம்மா ஒருநாள் தேத்தண்ணியைக் கொட்டினா, அந்தப் பலகை இப்படித்தான் கறுத்தது. இரத்தத்தில் இரும்பு இருக்கிறது.

நிறுத்தாமல் பூசினேன். பைத்தியம் பிடித்தவன் மாதிரிப் பூசினேன். பெரிய கறுப்பிலிருந்து இரண்டு தடங்கள் கிளம்பின. இரண்டு உடம்பை இழுத்துப்போன தடங்கள். பின் யன்னல் வரை போயின. ஒரு தடத்தின் ஓரம் முழுக்கக் கை அடையாளங்கள். பலகையைப் பிடித்து நிற்கப் பார்த்த கை, வழுக்கி, திரும்பப் பிடித்து, திரும்ப வழுக்கிய கை.

இடது கை.

நான்கு விரலும், ஒரு பாதி விரலும்.

நான் அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்து கத்தி அழுதேன். ஏழு வருடம் நம்பினேனே! ஏழு வருடம் அந்தக் கிழவி மெழுகுதிரி கொளுத்தினாவே! கைக்குக் கீழே பலகை சூடாக இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. செல்வநாயகம். பின்னால் ஞானாம்பிகை. அவர் தளத்தைக் கண்டார். முகம் சாம்பலாய்ப் போயிற்று.

"இதென்னடா?"

"தேயிலை மட்டும்தான் பூசினனான். இரும்பு பட்டால்தான் தேயிலை கறுக்கும். இந்தப் பலகைக்குள்ளை இரும்பு எப்பிடி வந்தது? சொல்லும்!"

"ஊத்து! அந்தத் தண்ணியை முழுக்க ஊத்திக் கறுப்பாக்கு!"

"மாட்டன்."

காலால் என் நெஞ்சில் உதைத்தார். பின்னுக்கு விழுந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அன்று அது எனக்கல்ல, அவருக்கு. கீழே ஓடிப்போய் வாளியைத் தானே தூக்கி வந்து, ஆணியோடு சேர்த்துத் தளத்தில் கவிழ்த்தார். இரும்புத் தண்ணீர் பரவிய இடமெல்லாம் இருண்டது. தேன் நிறத்து முதிரை, பார்த்துக்கொண்டிருக்கையில், அடுப்புக்கரி ஆயிற்று.

கை அடையாளங்கள் மட்டும் சிவந்தன.

கறுப்பின் நடுவில் ஒவ்வொன்றாகச் சிவந்து, ஈரமாகி, மினுங்கின. சேற்று மணம் மூச்சை அடைத்தது. இப்போது அவை பழைய இடத்தில் நிற்கவில்லை. யன்னலடியிலிருந்து ஒரு கை புதிதாய்ப் பதிந்தது. பிறகு ஒன்று, அதற்கு முன்னால் இன்னொன்று.

அவை செல்வநாயகத்தை நோக்கி வந்தன.

அவர் ஓடத் திரும்பினார். கால் வரவில்லை. வேட்டிக்குக் கீழே கணுக்காலில் தோல் உள்ளே அமுங்கியது. பிடித்த கையை நான் காணவில்லை. விரல் அமுக்கிய பள்ளங்களைக் கண்டேன். நான்கு பள்ளம், ஒரு அரைப் பள்ளம்.

கால் பின்னுக்கு இழுபட, மனிதன் முகம் குப்புற விழுந்தார். முன் பற்கள் இரண்டு என் முழங்காலடிக்கு வந்து சேர்ந்தன. அவர் தலைமயிரில் ஒரு பிடி, யாரோ கொத்தாகப் பிடித்த மாதிரி, நிமிர்ந்து நின்றது. தலை மேலே எழும்பியது. பலகையில் அடித்தது. திரும்ப எழும்பியது. திரும்ப அடித்தது. மூக்குத் தண்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணுக்குப் பக்கத்தில் ஆணி ஒன்று ஏறி நின்றது. அவர் கத்தக் கத்த, இரத்தம் தேயிலையோடு கலந்து தெறித்தது.

"அக்கா" என்றாள் ஞானாம்பிகை படித்தலைப்பில் நின்று. அழவில்லை. கூப்பிட்டாள்.

அந்தச் சொல்லுக்குத் தலைமயிர்ப் பிடி ஒரு கணம் தளர்ந்தது. கால் பிடி தளரவில்லை. அவரைத் தடத்தின் வழியே, பலகை பலகையாய் யன்னலை நோக்கி இழுத்தது. பத்து நகமும் முதிரையில் கீறிக்கொண்டு போயின. இரண்டு நகம் பலகையிலேயே நின்றுவிட்டது. யன்னலின் கொக்கி தானாகக் கழன்று கதவு படாரென்று திறந்தது. பகல் வெளிச்சத்தில் அவர் முகம் என்னைப் பார்த்தது, முதல் தடவையாக.

"பிடி! பிடியடா! உன்ரை பேர் என்ன? பேரைச் சொல்லு ராசா... பிடி!"

"இன்னாசித்தம்பி. கனிசியசின்ரை தமையன்."

சொல்லிக்கொண்டே பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். இரக்கத்தில் பிடிக்கவில்லை. "என்ரை தம்பியை எங்கையடா போட்டனீ?"

"மதிலுக்குக் கீழை... அப்ப வெட்டின அத்திவாரத்துக்குள்ளை... ரெண்டு பேரையும்... அவன்ரை கழுத்துக்குத்தான் ஓங்கினனான், அவள் குறுக்கை விழுந்தவள்... ஐயோ, விடாதை!"

நான் கையை விட்டேன் என்று சொன்னால் பொய். விடவில்லை. வேறு யாரோ என் விரல்களைப் பிரித்தார்கள். குளிர்ந்த, நனைந்த விரல்கள். அவசரமில்லாமல், நோகாமல், ஒவ்வொன்றாக. சின்ன வயதில் நான் பொத்தி வைத்திருக்கும் விளையாட்டுக் கண்ணாடிப் போளையைக் கனிசியஸ் என் கையிலிருந்து இப்படித்தான் எடுப்பான்.

கடைசி விரலும் பிரிந்தது.

கீழே பின்மதில். கள்ளன் ஏறாமல் இருக்க அதன் உச்சி முழுக்கப் போத்தல் ஓடு பதித்திருந்தார். கழுத்து அதில்தான் விழுந்தது. நான் எட்டிப் பார்த்தபோது உடம்பு மதிலுக்கு இந்தப் பக்கமும் தலை ஏறக்குறைய அந்தப் பக்கமுமாக இருந்தது. கண் திறந்திருந்தது. கால் இன்னும் கொஞ்ச நேரம் உதைத்தது.

ஞானாம்பிகை என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"அந்த மதிலோ?"

"ஓம் தங்கச்சி."

"ஒவ்வொரு நாளும் அந்த மதிலடியிலைதான் மல்லிகை பிடுங்கினனான். என்ன பூ பூத்தது, ஏழு வருசமா." அவள் யன்னலை விட்டுத் திரும்பினாள். "நீங்கள் போங்கோ அண்ணை. யன்னல் திறக்கேக்கை தவறி விழுந்திட்டார் எண்டு நான் சொல்லுறன். நாளைக்கு ஆக்களோடை வாங்கோ. மதிலை உடைப்பம்."

சைக்கிளை மிதித்தேனா உருட்டினேனா என்று நினைவில்லை. குருநகர் வரைக்கும் ஒரே யோசனை. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? உன் பிள்ளை கடல் தாண்டவில்லை, இரண்டு மைல் கட்டைக்கு இப்பால் கல்லுக்குக் கீழே கிடந்தான் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு சொல்லில் அந்தக் கிழவியைக் கொன்றுவிடுவேனே என்று வழியெல்லாம் அழுதேன்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா கோயிலுக்கு உடுத்தும் சீலையோடு குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தா. ஒரு கிழமை அரிசி முழுவதும் பானையில் கொதித்தது. என்னைக் கண்டதும் வாயில் விரல் வைத்தா.

"மெல்லமா வா. தம்பி வந்திருக்கிறான்."

சைக்கிளைச் சுவரில் சாத்தினேன்.

"மத்தியானம் கோயில் மணி அடிச்சு முடியேக்கை வாசலிலை நிண்டு அம்மா எண்டான். அப்பிடியே இருக்கிறான் இன்னாசி, ஒரு வயசும் கூடேல்லை! அவளையும் கூட்டிக்கொண்டு வந்தவன். நல்ல பெட்டை. கழுத்திலை ஏதோ நோவாம், தலையை நிமித்த மாட்டாளாம்." அம்மா சிரித்தா. அந்தச் சிரிப்பை நான் ஏழு வருடமாய்க் கண்டதில்லை. "முறையாச் சம்பந்தம் கதைக்க வேணுமாம். அதுக்காகப் பெண்ணின்ரை தமையனையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த மனிசன்தான் பாவம். முகமெல்லாம் காயம். எங்கடை பாயிலை இருந்துகொண்டு அழுதபடி."

உள்ளறைக்குச் சீலைதான் திரை. திரைக்குக் கீழே நிலம் ஈரமாக இருந்தது. அந்தச் சேற்று மணம்.

அம்மா செம்பில் தண்ணீர் வார்த்துக்கொண்டு தயங்கினா. "தண்ணி கேட்டவர். நாங்கள் குடுத்தால் குடிப்பாரோ? அவை பெரிய ஆக்களெல்லே."

சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"குடிப்பார் அம்மா" என்றேன்.

முழங்கையால் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனா. நான் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. கேட்டேன். மடக் மடக்கென்று யாரோ குடித்தார்கள். குடிக்கக் குடிக்க, அத்தனை தண்ணீரும் பாதி வழியில் ஒழுகி நிலத்தில் விழுகிற சத்தமும் கேட்டது.

"இன்னும் வேணுமாம் இன்னாசி" என்று அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டா. "கிணத்திலை அள்ளிக்கொண்டு வா."

அடுத்த நாள் மதிலை உடைத்தோம், எலும்புகளை எடுத்தோம், பங்குச் சுவாமியார் வந்து மந்திரித்து இரண்டு பேரையும் ஒரே குழியில் வைத்தார். செல்வநாயகத்தை அவர்களுடைய ஆட்கள் எரித்தார்கள். எல்லாம் முறைப்படி முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இன்றைக்குக் காலையிலும் அவருக்கென்று ஒரு குடம் தண்ணீர் அள்ளி உள்ளறைத் திரையடியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். போய்ப் பார்க்கும்போது அது வெறுங்குடமாக இருக்கும்.